ஜூனிலேயே முடிந்துவிடும் தேர்தல்: வர்ஜீனியா பிரைமரியில் இறங்கி வேலை செய்ய நினைப்பவர்களுக்கு

நம் ஊரில் தேர்தல் நெருங்கினால் கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு வாங்குவார்கள், நேர்காணல் நடக்கும், கடைசியில் தலைமை ஒரு பட்டியலை வெளியிடும். வர்ஜீனியாவில் அந்தப் பட்டியலை எழுதும் உரிமை வாக்காளரிடம் இருக்கிறது. ஜூன் மாதம் நடக்கும் பிரைமரியில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை நாமே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறோம். ஆனால் லவுடன், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டிகளில் உள்ள தமிழ் வீடுகளில் அதிபர் தேர்தல் என்றால் விடிய விடியப் பேசுவோம். ஜூன் பிரைமரி வந்ததும் போனதும் தெரியாது.

வட வர்ஜீனியாவில் பல தொகுதிகள் ஒரு கட்சிப் பக்கம் நன்றாகச் சாய்ந்தவை. மாநிலத்தின் தென்மேற்குப் பக்கம் போனால் அதே கதை மறு கட்சிக்கு. இப்படிப்பட்ட தொகுதியில் ஜூனில் ஜெயித்தவர் நவம்பரில் அநேகமாக ஜெயித்தவர்தான். 2023 ஜூன் 20 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் 2008 முதல் மாநில செனட்டில் இருந்த சாப் பீட்டர்சன், வங்கதேசத்தில் பிறந்து இங்கே வந்த சதாம் சலீம் என்ற இளைஞரிடம் பிரைமரியில் தோற்றார். செனட் நிதிக் குழுவின் இணைத் தலைவராக இருந்த ஜார்ஜ் பார்க்கர், கவுன்டி பள்ளி வாரிய உறுப்பினர் ஸ்டெல்லா பெகார்ஸ்கியிடம் தோற்றார். குடியரசுக் கட்சிப் பக்கம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டின் புறநகரில் அமாண்டா சேஸ் பதவியை இழந்தார். மறுவரையறையில் தொகுதி எல்லைகள் மாறியிருந்தது ஒரு காரணம். புது எல்லைக்குள் வந்த வாக்காளர்களிடம் யார் முதலில் போய்ப் பேசினார்கள் என்பது இன்னொரு காரணம்.

இந்தப் போய்ப் பேசுகிற வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கட்சிக்கு என்பது உங்கள் விருப்பம். வேலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வர்ஜீனியாவில் வாக்காளராகப் பதிவு செய்யும்போது கட்சி எதையும் குறிப்பிட வேண்டியதில்லை. பிரைமரி நாளில் இரண்டு கட்சிகளுக்கும் தேர்தல் இருந்தால் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், ஒன்றைத்தான் வாங்கலாம். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம். ஆனால் எந்தத் தேர்தலில் வந்து ஓட்டுப் போட்டீர்கள், எந்தக் கட்சியின் பிரைமரிச் சீட்டை வாங்கினீர்கள் என்பது பதிவாகிறது. அந்தப் பட்டியல் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் கிடைக்கும்.

வேட்பாளரிடம் இருப்பது கொஞ்சம் பணம், கொஞ்சம் நாட்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய வாலண்டியர்கள். ஒரு டெலிகேட் (சட்டமன்றக் கீழவை உறுப்பினர்) தொகுதியில் சுமார் 86,000 பேர் வசிக்கிறார்கள், செனட் தொகுதியில் அதைப் போல இரண்டரை மடங்கு. எல்லாக் கதவையும் தட்ட முடியாது. அதனால் கடந்த சில பிரைமரிகளில் தவறாமல் வந்தவர்களின் வீடுகளை மட்டும் எடுத்து நடைப்பட்டியல் போடுவார்கள். நம் தெருவில் பத்து தமிழ், தெலுங்கு, குஜராத்தி வீடுகள் வரிசையாக இருக்கும். வாலண்டியர் கையில் இருக்கும் செயலியில் அவற்றில் ஒன்றுகூட இருக்காது. நம்மைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். காரணம் நிறமோ பெயரோ இல்லை, நாம் ஜூனில் வந்ததே இல்லை. வேட்பாளர் நம்மிடம் வராததால் நமக்கு அவரைத் தெரியாது, தெரியாததால் நாம் ஓட்டுப் போடப் போவதில்லை, போகாததால் அடுத்த முறையும் பட்டியலில் இல்லை.

இந்தச் சுழலை ஒரு தெருவில் உடைத்தால்கூட அது பெரிய வேலை. ஒருவர் ஒரே ஒரு பிரைமரியில் போய் ஓட்டுப் போட்டாலே அடுத்த முறை அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் வரும் வாய்ப்பு கூடிவிடுகிறது.

முதல் படி: உங்கள் விசா நிலையைப் பாருங்கள்

இதை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்த ஒரு தவறு குடியுரிமைக் கனவையே கெடுத்துவிடும்.

அமெரிக்கக் குடிமக்கள் எல்லாம் செய்யலாம்: ஓட்டு, நன்கொடை, வேட்பாளர் மனுவில் கையெழுத்து (அதற்கு அந்தத் தொகுதியில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும்), தேர்தலில் நிற்பதும்கூட.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் நன்கொடை தரலாம், வாலண்டியர் வேலை செய்யலாம். ஓட்டுப் போடக்கூடாது, வாக்காளராகப் பதிவும் செய்யக்கூடாது.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. மாநிலத் தேர்தலாக இருந்தாலும் மத்தியச் சட்டம் இதைத் தடுக்கிறது. கணவர் எச்-1பி, மனைவி குடிமகள் என்றால் மனைவி தன் பணத்தில், தன் பெயரில் மட்டும் தர வேண்டும். சம்பளம் வாங்காமல் கதவு தட்டலாம், ஃபோன் செய்யலாம், பெட்டி தூக்கலாம். பணத்தை எங்கே செலவழிப்பது என்பது போன்ற முடிவெடுக்கும் கூட்டங்களில் மட்டும் உட்காரக் கூடாது.

ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ டிஎம்வி போகும்போது திரையில் நீங்கள் குடிமகனா என்ற கேள்வி வரும். வரிசையில் நிற்கும் அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள். குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்வதும் ஓட்டுப் போடுவதும் நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். பிற்பாடு குடியுரிமைக்கு என்-400 படிவம் நிரப்பும்போது, இதற்கு முன் எப்போதாவது பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று நேராகவே கேட்பார்கள்.

மத்திய அரசு ஊழியர்கள் நம் பக்கம் நிறையப் பேர். வேலை நேரத்துக்கு வெளியே வாலண்டியர் வேலை பெரும்பாலோர் செய்யலாம், ஆனால் யாரிடமும் நன்கொடை கேட்கக் கூடாது. உங்கள் துறையின் நெறிமுறை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். 17 வயதுதான் ஆகிறது, ஆனால் நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 ஆகிவிடும் என்றால், குடிமகனான அந்தப் பிள்ளை ஜூன் பிரைமரியிலேயே ஓட்டுப் போடலாம். அப்பா விசாவில் இருக்க, இங்கே பிறந்த மகள் அந்த வீட்டின் முதல் வாக்காளராக ஆகும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் இதைச் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் படி: தொகுதியும் காலண்டரும்

வர்ஜீனியா சட்டமன்றத்தின் பெயர் ஜெனரல் அசெம்ப்ளி. கீழவையில் 100 டெலிகேட்கள், மேலவையில் 40 செனட்டர்கள். டெலிகேட்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை வருடத்தில் தேர்தல். செனட்டர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை. 2023-இல் இரண்டும் சேர்ந்து நடந்தன, 2027-இலும் சேர்ந்து வரும். அதிபர் தேர்தல் இல்லாத வருடம் என்பதால் ஊரே மறந்திருக்கும் நேரம் அது. நமக்கு வேலை இருப்பது அப்போதுதான்.

மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் ‘சிட்டிசன் போர்ட்டல்’ இருக்கிறது. அதில் உங்கள் விவரம் போட்டால் பதிவு நிலை, தொகுதி எண்கள், வாக்குச்சாவடி எல்லாம் வரும். தொகுதி எண் இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘ஆஷ்பர்ன்’ என்று ஊர்ப் பெயர் சொன்னால் பிரசாரக் குழுவுக்குப் புரியாது, எண் சொன்னால் உடனே புரியும்.

நாட்காட்டி ஏறக்குறைய இப்படி ஓடும். ஜனவரி 1-இல் இருந்து வேட்பாளர்கள் மனுவில் கையெழுத்து வாங்க ஆரம்பிக்கலாம். ஜனவரி இரண்டாவது புதன்கிழமை ரிச்மண்டில் சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும். அது முடியும்வரை பதவியில் இருக்கும் உறுப்பினர்கள் நன்கொடை வாங்கக்கூடாது என்று சட்டம். எதிர்த்து நிற்கும் புதுமுகத்துக்கு அந்தத் தடை இல்லை, முந்திக்கொள்ள அது நல்ல காலம். பிரைமரிக்கு 75 நாள் முன்பு மனு கொடுக்கக் கடைசி நாள். 45 நாள் முன்பு நேரில் போய் முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி திறக்கும். 21 நாள் முன்பு பதிவுக்கான வழக்கமான கடைசி நாள். பிரைமரி பொதுவாக ஜூன் மூன்றாவது செவ்வாய்க்கிழமை: 2023-இல் 20-ஆம் தேதி, 2025-இல் 17-ஆம் தேதி. தேதிகளைச் சட்டமன்றம் மாற்றவும் செய்யும் என்பதால், ஒவ்வொரு வருடமும் தேர்தல் துறை வெளியிடும் நாட்காட்டியை வைத்தே திட்டம் போடுங்கள்.

ஒரு கட்சியில் ஒரே ஒருவர்தான் மனு கொடுத்தார் என்றால் அங்கே பிரைமரியே நடக்காது, அவரே வேட்பாளர். ஏப்ரல் முதல் வாரத்தில் உங்கள் தொகுதியில் போட்டி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சும்மா உட்காராமல் போட்டியுள்ள பக்கத்துத் தொகுதிக்குப் போய் உழையுங்கள். வாலண்டியருக்குத் தொகுதி எல்லை கிடையாது.

மூன்றாம் படி: வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் பெயர் தாங்கி ஒருவர் நிற்கிறார் என்றால் மனசு குளிர்வது இயல்பு, எனக்கும் அப்படித்தான். ஆனாலும் அவர் ரிச்மண்டுக்குப் போய் எதற்குக் கை தூக்குவார் என்று தெரியாமல் ஓட்டுப் போடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

மாநிலச் சட்டமன்றம் எதையெல்லாம் தொடுகிறது என்று யோசியுங்கள். பள்ளிகளுக்கு மாநிலம் தரும் பணம், மாநிலக் கல்லூரிக் கட்டணத்தில் யார் உள்மாநிலத்தவர் என்ற வரையறை, டல்லஸ் கிரீன்வே சுங்கக் கட்டணம், ஆஷ்பர்னைச் சுற்றி எழும்பி நிற்கும் டேட்டா சென்டர்களுக்கான விற்பனை வரிச் சலுகை, அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர் அழுத்தக் கம்பிகள். நம் அன்றாடத்தைத் தொடுவது வாஷிங்டனைவிட ரிச்மண்டில்தான் அதிகம்.

அடுத்து பணம். வர்ஜீனியாவில் மாநிலத் தேர்தல் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது. தனிநபரும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம். அதே சமயம் கணக்கு வெளிப்படை. 100 டாலருக்கு மேல் தந்தவர் பெயரும் தொழிலும் அறிக்கையில் வரும். ‘வர்ஜீனியா பப்ளிக் ஆக்சஸ் புராஜெக்ட்’ என்ற கட்சி சார்பற்ற அமைப்பின் தளத்தில் வேட்பாளர் பெயரைத் தட்டினால் யார் எவ்வளவு தந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். மின் நிறுவனம் எவ்வளவு, கட்டுமானக் கம்பெனிகள் எவ்வளவு, 50 டாலர் கொடுத்த அக்கம்பக்கத்தார் எத்தனை பேர். ஒரு கோப்பை காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு வேட்பாளரைப் பற்றி அவருடைய பத்துத் துண்டறிக்கைகள் சொல்லாததை இது சொல்லிவிடும்.

பிறகு நேரில் பாருங்கள். பிரைமரி வேட்பாளர்கள் யார் வீட்டு வரவேற்பறைக்கும் வருவார்கள். பதினைந்து பேர் சேர்ந்தால் போதும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: “கிரீன்வே கட்டணத்துக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் மழுப்புவார். “கட்டணத்தைக் குறைக்க எந்த மசோதாவை ஆதரிப்பீர்கள்?” என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

நான்காம் படி: கையெழுத்து வேலை

பிரசாரத்தில் முதல் வேலையும் புதியவர்கள் சுலபமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையும் இதுதான். டெலிகேட் பிரைமரிக்கு நிற்க 125 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும், செனட்டுக்கு 250. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஜனவரிக் குளிரில் நூலக வாசலில் நின்று பாருங்கள்.

கையெழுத்திடுபவர் அந்தத் தொகுதியில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும். பதிவில் உள்ள முகவரியையே எழுத வேண்டும். வாங்குபவர் கண் முன்னால் போட வேண்டும். தாளை அப்பார்ட்மென்ட் ஆபீஸில் வைத்துவிட்டு வந்து மறுநாள் எடுப்பது செல்லாது. தாள் நிரம்பியதும் வாங்கியவர் நோட்டரி முன்பு உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். விசாவில் இருப்பவர்கள் இந்த ஒரு வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவது நல்லது, கூட நின்று உதவலாம்.

நம்மவர்களிடம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது பெயர். தாளில் ‘ஆர். முருகேசன்’ என்று எழுதுவார். வாக்காளர் பதிவில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, ‘முருகேசன் ராமலிங்கம்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வீட்டுப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. சரிபார்ப்பவருக்கு இருவரும் ஒருவர் என்று தெரியப்போவதில்லை. “அண்ணா, டிரைவிங் லைசென்ஸ்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க” என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. வீடு மாறியவர்கள் பழைய முகவரியிலேயே பதிவாகியிருப்பது அடுத்த தொல்லை. அதனால் 125 வேண்டும் என்றால் 250 வாங்குங்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொரு கையெழுத்தையும் உரசிப் பார்க்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கதவு தட்டுவது

பலருக்கும் கூச்சம் இங்கேதான். முன்பின் தெரியாத வீட்டில் போய் மணி அடிப்பதா? இரண்டாவது சனிக்கிழமை கூச்சம் போய்விடும்.

நடைமுறை எளிது. பிரசார அலுவலகத்தில் அல்லது யாராவது வீட்டு கராஜில் கூடுவார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றால் ‘மினிவேன்’ என்ற செயலியில் உங்கள் பட்டியல் வந்துவிடும், குடியரசுக் கட்சிக்காரர்கள் வேறு செயலிகள் வைத்திருக்கிறார்கள். வீட்டு எண், பெயர், வயது காட்டும். முதல் நாள் அனுபவசாலியோடு போங்கள். நாலு கதவு அவர் பேசட்டும், ஐந்தாவது நீங்கள்.

மணி அடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள். கதவு திறந்ததும் உங்கள் பெயர், எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள், யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். “நானும் இந்த ஊர்க்காரன்தான்” என்பது துண்டறிக்கையில் உள்ள எதைவிடவும் வேலை செய்யும். பிறகு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்: இந்தப் பகுதியில் உங்களுக்கு மிகவும் தொல்லையாக இருப்பது எது? அவர் சொல்வதைக் கேட்டு, வேட்பாளர் அதைப் பற்றிச் சொல்லியிருந்தால் சொல்லுங்கள். சொல்லியிருக்காவிட்டால் குறித்துக்கொண்டு போய் அலுவலகத்தில் சொல்லுங்கள். இல்லாத வாக்குறுதியை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் பேச்சு வேறு மாதிரி போகும். கதவைத் திறக்கும் அங்கிள், ஏதோ விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, “வேணாம்ப்பா” என்று பாதிக் கதவைச் சாத்துவார்.

“விக்க வரலை அங்கிள். ஜூன்ல எலெக்‌ஷன் இருக்கு, அதுக்கு வந்தேன்.”

“எலெக்‌ஷன் நவம்பர்லதானே?”

“அது ஃபைனல். வேட்பாளர் யாருன்னு ஜூன்லயே முடிவாயிடும்.”

“அப்படியா? எங்களுக்கு யாரும் சொல்லலையே.”

சொல்லிவிட்டு அங்கிள் உள்ளே திரும்பி ஆன்ட்டியையும் கூப்பிட்டுவிட்டார் என்றால், உங்கள் பட்டியலில் ஒரு பெயர் இருந்த வீட்டில் இரண்டு ஓட்டு. தண்ணீர் வேண்டுமா, காபி வேண்டுமா என்பார்கள். தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு நகருங்கள், காபிக்கு உட்கார்ந்தால் அரை மணி நேரமும் பத்துக் கதவுகளும் போய்விடும்.

செயலியில் உண்மையைப் பதியுங்கள். ஆதரவு இல்லை என்றால் இல்லை என்றே போடுங்கள். மனம் கேட்காமல் ‘யோசிக்கிறார்’ என்று பதிந்தால், கடைசி வாரத்தில் எதிராளியின் ஆதரவாளரை நாமே நினைவூட்டிச் சாவடிக்கு அனுப்பிவைப்போம்.

சில சட்டங்கள்: வீட்டுத் தபால் பெட்டிக்குள் துண்டறிக்கை போடக்கூடாது, அது மத்தியச் சட்டப்படி குற்றம். கதவிடுக்கில் செருகுங்கள். அரசியல் பிரசாரத்துக்காகக் கதவு தட்ட அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்வது செல்லாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, இருந்தாலும் ஒருவர் ‘வராதீர்கள்’ என்று பலகை மாட்டியிருந்தால் மதித்து நகருங்கள். ஒரு கோபக்காரரிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை.

ஆறாம் படி: உங்கள் சொந்தப் பட்டியல்

என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே கனமான வேலை. பிரசாரக் குழு தரும் பட்டியலில் நம் ஆட்கள் இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அந்தப் பட்டியலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த குடும்பங்களை எழுதுங்கள். தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, கிரிக்கெட் அணி, கார்பூல், கோயில் மடப்பள்ளிச் சேவை. இருபது குடும்பம் போதும். ஒவ்வொருவர் எதிரிலும் நான்கு கட்டம் போடுங்கள்: குடிமக்களா, பதிவு இருக்கிறதா, இந்த முகவரியில்தானா, எந்த நாள் ஓட்டுப் போடப் போகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டரைப் போட்டால் கைகூப்பும் பொம்மை வரும், ஓட்டு வராது. ஃபோன் செய்யுங்கள். “அக்கா, நீங்க எப்ப போறீங்க? சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ் விட்டுட்டு அப்படியே போயிடலாமா?” என்று நாளும் நேரமும் வைத்துப் பேசினால் நடக்கும். முன்கூட்டிய வாக்குப்பதிவு 45 நாள் முன்பே திறந்துவிடுகிறது, தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமையோடு முடிகிறது. ஜூன் நடுவில் பள்ளி விடுமுறை விட்டதும் பாதிப்பேர் சென்னைக்கு விமானம் ஏறுகிற வழக்கம் நம்முடையது. டிக்கெட் தேதியைக் கேட்டு அதற்கு முன்பே ஓட்டை முடிக்க வையுங்கள்.

குடியுரிமை பெற்ற பெற்றோரை விட்டுவிடாதீர்கள். இரண்டு சலுகைகள் அவர்களுக்குத் தெரிவதில்லை. 65 வயது ஆனவர்களும் உடல் இயலாதவர்களும் காரில் உட்கார்ந்தபடியே ஓட்டுப் போடலாம், தேர்தல் அலுவலர் வாக்குச்சீட்டைக் கார் அருகே கொண்டுவருவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் தனக்கு நம்பிக்கையானவரை உதவிக்கு உள்ளே அழைத்துப் போகலாம். வேலை தருபவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் மகளோ மருமகனோ கூட நிற்கலாம். உதவுகிறவர் அம்மா சொன்னபடி குறிக்க வேண்டும், தன் விருப்பத்தை அல்ல.

சங்கமும் கோயிலும்

தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் பெரும்பாலும் 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பதிவு பெற்ற அமைப்புகள். அவை ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. பொங்கல் விழா மேடையில் ஒரு வேட்பாளரை மட்டும் ஏற்றி ‘இவருக்கே ஓட்டு’ என்று அறிவிப்பதும், சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலில் பிரசாரம் அனுப்புவதும் சங்கத்தின் வரிவிலக்குக்கே வினையாகும். பொறுப்பாளர்களை இந்த நெருக்கடியில் தள்ளாதீர்கள்.

ஆனால் கட்சி சார்பில்லாமல் வாக்காளர் பதிவு மேசை போடலாம். எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரே மாதிரி நேரம் கொடுத்துக் கேள்வி–பதில் நடத்தலாம். பொதுவாக, “ஜூனில் தேர்தல், மறக்காதீர்கள்” என்று அறிவிக்கலாம். நம் ஆட்களை ஜூன் வாக்காளர்களாக மாற்ற இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வாக்குப்பதிவு நாள்

சாவடிகள் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை. 7 மணிக்கு வரிசையில் நிற்பவர் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார், இதைப் பின்னால் நிற்பவர்களிடம் உரக்கச் சொல்லுங்கள். வாசலில் இருந்து 40 அடிக்குள் பிரசாரம் கூடாது, அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று துண்டறிக்கை தரலாம். பதிவைத் தவறவிட்டவர் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். 2022 அக்டோபரில் இருந்து அன்றைக்கே பதிவு செய்து தற்காலிக வாக்குச்சீட்டில் போட வழி உண்டு. அடையாள அட்டை மறந்தவர் உறுதிமொழிப் படிவம் நிரப்பலாம்.

மதியம் மூன்று மணி வெயிலில் சாவடி காலியாகக் கிடக்கும். மனம் சோரும் நேரம் அது. அப்போதுதான் நோட்டை எடுத்து இன்னும் போகாதவர்களுக்கு ஃபோன் செய்ய வேண்டும். 2021 பிரைமரியில் ஹெர்ண்டன் பக்கத் தொகுதியில் பதவியில் இருந்த இப்ராஹிம் சமிராவை ஐரீன் ஷின் சில நூறு ஓட்டுகளில் தோற்கடித்தார். 2017 பொதுத்தேர்தலில் நியூபோர்ட் நியூஸ் நகரின் 94-ஆம் தொகுதியில் இரண்டு வேட்பாளர்களுக்கும் தலா 11,608 ஓட்டுகள். 2018 ஜனவரி 4 அன்று இருவர் பெயரையும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, குடவோலை போலவே குலுக்கி எடுத்தார்கள். டேவிட் யான்சி பெயர் வந்தது, ஷெல்லி சைமன்ட்ஸ் தோற்றார், சட்டமன்றப் பெரும்பான்மை அந்தக் குலுக்கலில் குடியரசுக் கட்சியிடமே நின்றது. சைமன்ட்ஸ் 2019-இல் மறுபடி நின்று ஜெயித்தார்.

பிரைமரி முடிந்த பிறகு

உங்கள் வேட்பாளர் தோற்றாலும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போய் ஓட்டுப் போட்டவர்கள் எல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள், போகாதவர்கள் யார் என்று குறித்துவையுங்கள். கவுன்டியில் உள்ள கட்சிக் கமிட்டியின் மாதக் கூட்டத்துக்குப் போக ஆரம்பியுங்கள். பெரும்பாலும் ஒரு நூலக அறையிலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும். உங்கள் பிரசிங்ட்டுக்கு (வாக்குச்சாவடிப் பகுதிக்கு) கட்சிப் பொறுப்பாளர் இல்லை என்றால் அந்த இடத்தைக் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள், ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறார்கள்.

இடைத்தேர்தல்களுக்காகவும் அந்த நோட்டு வேண்டும். 2024 நவம்பரில் சுஹாஸ் சுப்பிரமணியம் மாநில செனட்டில் இருந்து அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வானார். அவருடைய 32-ஆம் செனட் தொகுதிக்கு டெலிகேட்டாக இருந்த கண்ணன் ஸ்ரீனிவாசன் நின்றார். அதனால் அவருடைய 26-ஆம் டெலிகேட் தொகுதியும் காலியானது. இரண்டுக்கும் 2025 ஜனவரி 7 அன்று தேர்தல். செனட்டில் ஸ்ரீனிவாசன் ஜெயித்தார். 26-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சி சார்பில் ராம் வெங்கடாசலம் நிற்க, ஜனநாயகக் கட்சியின் ஜே.ஜே. சிங் ஜெயித்தார். நவம்பரில் இருந்து ஜனவரிக்குள், நன்றி நவில்தல் நாளும் கிறிஸ்துமஸும் நடுவில் வர, எல்லாம் முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில் அரசு நடத்தும் பிரைமரிக்கு அவகாசம் இருக்காது. கட்சியே சில இடங்களில் மேசை போட்டு ‘ஃபயர்ஹவுஸ் பிரைமரி’ நடத்தும். அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் சில நாட்கள்தான் இருக்கும், சாவடிகளும் மிகக் குறைவு. யாருக்கு ஃபோன் செய்வது, யாரைக் காரில் கூட்டிப்போவது என்று அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. இருபது குடும்பங்களின் எண்களும் முகவரிகளும் சரியாக இருக்கின்றனவா என்று ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடும்போதே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.